ஈர்ப்பை மாற்ற ஊசி, கரன்ட், கட்டில்: வாசகர் கேள்வி – பதில்

தன்பாலீர்ப்பை "குணப்படுத்தும்" சிகிச்சைகள் பற்றிப் பாலக்காடு எல்லையோர வாசகர்களிடமிருந்து கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு மனநல மருத்துவர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து இங்கே பதில் தருகிறார்கள். எழுதியவர்களின் பெயரை வெளியிடவில்லை.

கேள்வி: மகனுக்கு 22 வயது. பொண்ணுங்க மேல நாட்டமில்லை, பையன்கள் மேலதான் என்று எங்களிடமே சொல்லிவிட்டான். தெரிந்தவர் ஒருவர் சொன்ன கிளினிக்கில் காட்டினோம். "ஆண் ஹார்மோன் கம்மி. மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆறு ஊசி போட்டா சரியாகும்" என்கிறார்கள். போடலாமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: போட வேண்டாம் அம்மா. ஒரு ஊசிகூட வேண்டாம்.

ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று சொல்வதற்குக் காலையில் எடுத்த ரத்தத்தை, வேறு வேறு நாளில், குறைந்தது இரண்டு தடவை பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் உங்கள் பையனுக்கு மற்ற பையன்களுக்கு இருக்கிற அளவே அநேகமாக இருக்கும். ஆண்களை விரும்பும் ஆண்களுக்கு ஆண் ஹார்மோன் குறைவு என்பது நூறு வருஷத்துக்கு முந்தைய ஊகம். அதைச் சோதித்துப் பார்த்துத் தோற்றுப்போன கதை மருத்துவ ஏடுகளிலேயே இருக்கிறது.

வியன்னாவில் ஆய்கன் ஸ்டைனாக் என்ற உடலியல் அறிஞர் எலிகளிலும் கினிப் பன்றிகளிலும் விதைச்சுரப்பிகளை மாற்றிப் பொருத்தி, அவற்றின் பாலியல் நடத்தை மாறுவதைக் கண்டார். மனிதனுக்கும் இது பொருந்தும் என்று நம்பினார். முதல் உலகப் போர்க் காலத்தில் ராபர்ட் லிக்டன்ஸ்டெர்ன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் விதையை எடுத்துவிட்டு, வேறொருவரிடமிருந்து எடுத்த விதைத் திசுவை வயிற்றுச் சுவரில் வைத்துத் தைக்கும் அறுவை தொடங்கியது. ஆரம்பத்தில் "மாறிவிட்டார்" என்று எழுதினார்கள். அந்நியத் திசுவை உடல் தாக்கி அழித்துவிடும் என்பது அப்போது தெளிவாகத் தெரியாது. வைத்த திசு செத்தது, ஈர்ப்பு இருந்தபடியே இருந்தது, விதை மட்டும் போயிற்று. 1920-களில் அந்த அறுவையைக் கைவிட்டார்கள்.

அடுத்து ஊசியும் மாத்திரையும் வந்தன. 1944-ல் அமெரிக்காவில் கிளாஸ், ஜான்சன் என்ற இருவர் 11 ஆண்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோரிடம் பலன் இல்லை. சிலருக்கு இச்சை கூடியது, கூடிய இச்சையும் ஆண்கள் மேல்தான் போனது. அதே வருஷம் ஜெர்மனியின் புக்கன்வால்ட் வதைமுகாமில் கார்ல் வேர்னெட் என்ற டேனிஷ் மருத்துவர் கைதிகளின் தொடையிடுக்கைக் கீறி, ஹார்மோன் கசியும் செயற்கைக் குழாயை உள்ளே வைத்துத் தைத்தார். அவர்களில் சீழ்பிடித்து இறந்தவரும் உண்டு. வேர்னெட் தண்டனை எதுவும் இல்லாமல் அர்ஜென்டினாவுக்குத் தப்பி, 1965-ல் அங்கேயே இறந்தார்.

ஆண் ஹார்மோன் பலிக்காதபோது பெண் ஹார்மோன் கொடுத்தார்கள். கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங்கிடம், ஆணோடு உறவு வைத்த குற்றத்துக்காக, 1952-ல் இங்கிலாந்து நீதிமன்றம் சிறையா ஹார்மோனா என்று கேட்டது. அவர் ஹார்மோனை ஏற்றார். ஒரு வருஷம் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன், முதலில் மாத்திரையாக, பிறகு தொடையில் பதித்த வில்லையாக. மார்பு பெருத்தது, ஆண்மை அடங்கியது. 1954 ஜூன் 7-ஆம் தேதி சயனைடால் இறந்தார், வயது 41. விசாரணையில் தற்கொலை என்று பதிவாயிற்று. 2013-ல் அரச மன்னிப்பு வந்தது.

ஹார்மோன் இச்சையின் அளவைக் கூட்டும், குறைக்கும். அது எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தொடாது. உங்களிடம் விற்கப் பார்ப்பது இந்த அளவு மாற்றத்தைத்தான்.

தேவையில்லாத உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் "போதும்" என்று மூளை விதைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விதை சுருங்கும். விந்தணு எண்ணிக்கை சரியும், சிலருக்குப் பூஜ்யமாகும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வர பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் பிடிக்கும். ரத்தம் கெட்டிப்படும், முகப்பரு, எரிச்சல், தூக்கக் கேடு வரும். ஏற்கெனவே ஒன்றிரண்டு போட்டிருந்தால் மேலே போடாமல் நிறுத்துங்கள். பாலக்காட்டிலோ கோவையிலோ ஒரு எண்டோகிரைனாலஜிஸ்டை, அதாவது ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தின் கெட்டியைக் காட்டும் ஹெமட்டோக்ரிட், மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையைக் காட்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். போட்ட ஊசியின் பெயரும் தேதியும் உள்ள சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது எதற்கு என்று கடைசி பதிலில் சொல்கிறோம்.

இன்னொன்று. பையன் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். அது லேசில் நடப்பதில்லை அம்மா. அந்த நம்பிக்கை கிளினிக் வாசலில் உடையக் கூடாது.

கேள்வி: இங்கிலாந்தில் கரன்ட் வைத்து மாற்றினார்கள் என்று படித்தேன். என்ன செய்தார்கள்? டிப்ரஷனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஷாக்கும் இதுவும் ஒன்றா?
– கல்லூரி மாணவர், சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)

பதில்: இரண்டும் வேறு. மனச்சோர்வு முற்றியவருக்கு இன்று தரப்படும் மின்அதிர்வுச் சிகிச்சை மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகே செய்யப்படுவது. அவை இல்லாமல் செய்வதை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 95-ஆம் பிரிவு தடைசெய்கிறது. உரிய நோயாளிக்கு அது உயிர்காக்கும் சிகிச்சை, அதை எண்ணிப் பயப்பட வேண்டாம். நீங்கள் படித்தது அருவருப்புச் சிகிச்சை. விழித்திருப்பவருக்கு வேண்டுமென்றே வலியோ குமட்டலோ உண்டாக்கி, அதை அவரது விருப்பத்தோடு முடிச்சுப் போடுவது.

முதலில் வந்தது வாந்தி. 1950-களில் செக்கோஸ்லோவாக்கியாவில் குர்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் எமெட்டின், அபோமார்ஃபின் என்ற வாந்தி மருந்துகளைக் கொடுத்து, குமட்டும் வேளையில் ஆண்களின் படங்களைக் காட்டினார். பிறகு டெஸ்டோஸ்டிரோன் போட்டுப் பெண்களின் படங்கள். எமெட்டின் இதயத் தசையைத் தாக்கும், உடம்பைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் அடுத்தடுத்த ஊசியில் நஞ்சு சேர்ந்துகொண்டே போகும்.

1962-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பேசில் ஜேம்ஸ் என்ற மருத்துவர் 40 வயதுக்காரர் ஒருவருக்குச் செய்ததை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். இருட்டறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அபோமார்ஃபின் ஊசி, கூடவே 60 மில்லிக்குச் சற்றுக் குறைவாக பிராந்தி. குமட்டல் ஆரம்பித்ததும் ஆண்களின் நிர்வாணப் படங்கள் ஒட்டிய அட்டை மேல் பளீரென்று விளக்கு. அவருடைய வாழ்க்கையை அருவருப்பாக விவரிக்கும் ஒலிநாடா வேறு. இப்படி 30 மணி நேரம். சிறுநீரில் அசிட்டோன் வந்ததால் நிறுத்தினார்கள். சாப்பாடு தங்காமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கினார்கள். இதை எழுதியவர் வெற்றி என்றுதான் எழுதினார்.

அதே 1962-ல் பில்லி கிளெக்-ஹில் என்ற 29 வயது பிரிட்டிஷ் ராணுவ கேப்டன், ராணுவ மருத்துவமனையில் இதே அபோமார்ஃபின் சிகிச்சையின்போது இறந்தார். "இயற்கை மரணம்" என்று எழுதிவைத்தார்கள். உண்மை வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

வாந்திக்கு அளவு பிடிபடவில்லை, நேரம் பிடிபடவில்லை என்றுதான் கரன்டுக்கு மாறினார்கள். இரக்கத்தால் அல்ல. மான்செஸ்டரில் மெக்கல்லாக், ஃபெல்ட்மன் இருவரும் 43 பேரிடம் செய்து 1967-ல் வெளியிட்ட முறை இது: கெண்டைக்காலில் மின்முனை. திரையில் ஆணின் படம். 8 விநாடிக்குள் சுவிட்சை அழுத்திப் படத்தை நீக்காவிட்டால் ஷாக். சில தடவை அழுத்தினாலும் படம் போகாது, ஷாக் விழும். எப்போது விழும் என்று தெரியாமலிருந்தால் பயம் ஆழமாகப் பதியும் என்பது கணக்கு. ஆணின் படம் போனதும் சில சமயம் பெண்ணின் படம், ஷாக் இல்லாத நிம்மதியோடு.

பாதிக்கு மேற்பட்டோர் முன்னேறினார்கள் என்று அறிவித்தார்கள். இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும் தம்பி. "முன்னேற்றம்" என்பதற்கு ஆதாரம் பெரும்பாலும் அவர்களே வாயால் சொன்னது. சரியாகிவிட்டேன் என்றால் வீட்டுக்குப் போகலாம், வழக்கிலிருந்து தப்பலாம் என்ற நிலையில் இருப்பவர் வேறென்ன சொல்வார்? அதோடு, முன்பே பெண்களிடமும் நாட்டம் இருந்தவர்களிடம்தான் பலன் தெரிந்தது. அப்படி எதுவும் இல்லாதவர்களிடம் மாற்றம் இல்லை என்பது அவர்களே கண்டது. அதாவது, இரண்டு பக்கமும் ஈர்ப்பு உள்ள சிலர் ஒரு பக்கத்தை வெளிக்காட்டாமல் விட்டார்கள், அதற்குப் பெயர் குணம். 2004-ல் இதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இத்தகைய சிகிச்சைக்கு உட்பட்ட 29 பேரிடம் பேசி எழுதிய ஆய்வு வந்தது. பெரும்பாலோருக்கு மிஞ்சியது மனவேதனைதான். வெட்கமும் தனிமையும் அப்படியே தங்கியிருந்தன.

குர்ட் ஃப்ராய்ண்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தன் நோயாளிகளை வருஷக் கணக்கில் தொடர்ந்து விசாரித்தார். மாற்றம் நிலைக்கவில்லை என்று கண்டதும் அதை எழுதினார், தன்பாலீர்ப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி வாதாடினார். செக்கோஸ்லோவாக்கியா 1961-ல் எடுத்தது. எண்ணிக்கையை நேர்மையாகப் பார்த்த மருத்துவர் அங்கேதான் வந்து சேர முடியும்.

கேள்வி: ஹிப்னாடிசத்தில் சரியாகும் என்று கோவை கிளினிக் ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். உண்மையா?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: இல்லை. 1889-ல் பாரிஸில் நடந்த ஹிப்னாடிச மாநாட்டில், மியூனிக் மருத்துவர் ஷ்ரெங்க்-நோட்சிங் 45 அமர்வுகளில் ஒருவரை மாற்றியதாக அறிவித்தார். கூடவே விலைமாதரிடம் அனுப்பியதையும் சிகிச்சையாகவே சொன்னார். இன்றைய விளம்பரத்தில் இருப்பது அதே சரக்கு.

கேள்வி: மூளையில் ஆபரேஷன்கூடச் செய்தார்களாமே?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: செய்தார்கள். முன்மூளை நரம்பிழைகளை வெட்டும் லோபாட்டமிக்கு உள்ளானவர்களில் தன்பாலீர்ப்புக்காகச் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. 1960-களிலும் 70-களிலும் மேற்கு ஜெர்மனியில் மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஒரு சிறு இடத்தை எரித்தார்கள். 1972-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹீத் மூளைக்குள் மின்முனை வைத்து இன்ப உணர்வைத் தூண்டி ஒருவரை மாற்ற முயன்றார். வெட்டியும் எரித்தும் கிடைத்தது இச்சைக் குறைவு, மந்தம், ஆளே மாறிப்போன குணம். எரித்த மூளை திரும்ப வளராது.

கேள்வி: படபடப்புக்காக டாக்டர் எழுதிய மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து அந்த நினைப்பே வருவதில்லை. அப்படியென்றால் என் விஷயம் நோய்தானே?
– பெயர் வேண்டாம், நெம்மாறை

பதில்: நீங்கள் கடிதத்தில் பெயர் எழுதியிருந்த மாத்திரை, மனச்சோர்வுக்கும் படபடப்புக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை. இச்சை மட்டுப்படுவதும் உச்சம் தாமதமாவதும் அதன் பரவலான பக்கவிளைவு. பெண்களை விரும்பும் ஆணுக்கும் அதே மாத்திரையில் அதே நடக்கும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், தலைசுற்றலும் படபடப்பும் கூடும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். படபடப்பு எதனால் என்பதை அவரிடம் மனந்திறந்து பேச முடிகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: நோயில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவுசெய்ததாகக் கேள்வி. பெரிய டாக்டர் ஒருவரே 200 பேர் மாறியதாக ஆராய்ச்சி செய்தாரே? எல்லாரும் மாறவில்லை என்றால் எப்படி நம்புவது? நான் ஒரு தகப்பன், ஆத்திரத்தில் கேட்கவில்லை.
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: ஐயா, நியாயமான கேள்வி. ஓட்டு பிறகு வந்தது, ஆய்வு அதற்கு வெகு முன்பே வந்தது. 1957-ல் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களையும் மற்ற 30 ஆண்களையும் ஒரே மனச்சோதனைகளுக்கு உட்படுத்தினார். யாருடைய தாள் எது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுவரை மருத்துவர்கள் பார்த்ததெல்லாம் சிறையிலும் மருத்துவமனையிலும் இருந்தவர்களைத்தான். அங்கே இருப்பவர் யாராயிருந்தாலும் மனம் நொந்துதான் இருப்பார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நிர்வாகக் குழு 1973 டிசம்பரில் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. எதிர்த்தவர்கள் கேட்டதால்தான் 1974-ல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடந்தது, முடிவு நிலைத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல் நீக்கியது. இந்திய மனநல மருத்துவச் சங்கமும் 2018-ல் இது நோயல்ல என்று அறிவித்தது.

நீங்கள் சொல்லும் 200 பேர் ஆய்வு ராபர்ட் ஸ்பிட்சருடையது, 2003-ல் அச்சானது. பட்டியலிலிருந்து நீக்க 1973-ல் முன்நின்றவரும் அவரேதான், அதனால்தான் அவ்வளவு பேசப்பட்டது. தொலைபேசியில் ஒரு தடவை பேசிக் கேட்டதுதான் மொத்தத் தரவு. ஆட்களில் பெரும்பாலோர் மாற்றுச் சிகிச்சை, அதாவது ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை, நடத்தும் அமைப்புகள் வழியாக வந்தவர்கள். சொன்னது உண்மையா என்று சரிபார்க்க வழியே இல்லை. 2012-ல் ஸ்பிட்சர் அதை ஒப்புக்கொண்டு, அந்த ஆய்வை நம்பிக் காலத்தை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கேள்வி: கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்கிறார் எங்கள் பெரியப்பா.
– வாசகி, கோவிந்தாபுரம்

பதில்: ஆகாது. பெண்களுக்கு நடந்த "சிகிச்சை" பெரும்பாலும் இந்த வடிவில்தான் நடந்தது, அதனால்தான் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் அவர்களை அதிகம் காணமுடிவதில்லை. கல்யாணம் கட்டாயமானால் அது இரண்டு பேர் வாழ்க்கை.

கேள்வி: என் சிநேகிதனை வீட்டார் கூட்டிப்போய் வாளையார் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மையத்தில் வைத்திருக்கிறார்கள். குடிநோய் மையம் என்று போர்டு, அவன் குடிப்பதே இல்லை. போன் இல்லை. வீடு கேரளம், மையம் தமிழ்நாடு. யாரிடம் போவது?
– வாசகர், வண்ணாமடை

பதில்: எல்லைக்கோடு உங்களைத் தடுக்காது. மனநலப் பராமரிப்புச் சட்டம் மத்தியச் சட்டம், இரண்டு மாநிலத்திலும் அதே. தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் மாற்றுச் சிகிச்சையை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று எல்லா மாநில கவுன்சில்களுக்கும் அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2021 ஜூன் 7-ல், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்து, மீறுபவரின் உரிமத்தை ரத்துசெய்வது உட்பட நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார்.

ஆள் உள்ளே இருக்கும்வரை புகார் மனு இரண்டாம் பட்சம். முதலில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு. மையம் இருக்கும் இடம் சென்னை உயர்நீதிமன்ற எல்லைக்குள் வருவதால் அங்கே போடுவது சிக்கல் குறைவு. சிநேகிதர் போடலாம், ரத்த உறவு வேண்டியதில்லை. வழக்கறிஞர் கைவசம் இல்லை என்றால் 15100-க்கு அழைத்தால் இலவச சட்ட உதவி மையத்துடன் இணைப்பார்கள். கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் வழிகாட்டுதல் தந்தது: கொண்டுவரப்பட்டவரிடம் நீதிபதி தனியாகப் பேசி அவர் விருப்பத்தை அறிய வேண்டும், ஈர்ப்பையோ அடையாளத்தையோ மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கவுன்சலிங் கொடுக்கக் கூடாது. மனுவில் இதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

மையம் மனநல நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறதா என்று மாநில மனநல ஆணையத்தில் கேளுங்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவைக்கே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். பதிவு இருந்தாலும், 18 வயது நிரம்பியவரைச் சம்மதமில்லாமல் சேர்க்க 89-ஆம் பிரிவின் நிபந்தனைகள் கடுமையானவை. மனநோய் கடுமையாக இருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ சமீபத்தில் தீங்கு செய்ய முயன்றோ மிரட்டியோ இருக்க வேண்டும், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு தகுதியுள்ளவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். சேர்க்கை 30 நாளுக்கு மேல் தானாக நீளாது. ஆண் என்றால் 7 நாளுக்குள், பெண் என்றால் 3 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். ஊரின் ஒழுக்க நெறிக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று 3-ஆம் பிரிவே சொல்கிறது.

வெளியே வந்ததும் கேஸ் ஷீட்டைக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். மருத்துவ கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். அதில் எஃப்66.1 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். தன் ஈர்ப்பை ஏற்க முடியாதவர் என்ற பொருளில், ஐசிடி எனப்படும் உலக சுகாதார நிறுவன நோய்ப் பட்டியலின் பழைய பதிப்பான ஐசிடி-10-ல் இருந்தது அது. மாற்றுச் சிகிச்சைக்குக் காகித முகமூடியாக அதைத்தான் எழுதுவார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-ல் அது இல்லை, நம் சட்டமோ ஐசிடியின் அண்மைப் பதிப்பைத்தான் அளவுகோலாக வைக்கிறது. கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு, பில், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து, சீட்டில் உள்ள பதிவு எண் எந்த மாநிலமோ அந்த மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுங்கள். கோவையில் உட்கார்ந்திருப்பவர் கேரளப் பதிவில் இருக்கலாம், எண்ணைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஊசிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் என்று கொழிஞ்சாம்பாறை அம்மாவுக்குச் சொன்னது இதற்குத்தான்.

சிநேகிதனுக்கு ராத்திரியில் மனம் தாங்காமல் போனால் டெலி-மானஸ் 14416, எந்நேரமும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

இன்னும் உள்ளே போகாதவர்கள், ஆனால் வீட்டில் பேச்சு அடிபடுகிறவர்கள், ஒன்று செய்துவையுங்கள். 89-ஆம் பிரிவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை "நியமனப் பிரதிநிதி"க்குத்தான். நீங்கள் யாரையும் நியமிக்காவிட்டால் அந்த இடத்துக்கு உறவினர் வந்துவிடுவார். 14-ஆம் பிரிவுப்படி வெற்றுத்தாளில், நீங்கள் நம்பும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவரின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். அவரும் தன் சம்மதத்தை எழுத்தில் தரவேண்டும். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒரு நகல் அவரிடம், ஒன்று உங்கள் வழக்கறிஞரிடம், ஒரு படம் மின்னஞ்சலில். வீட்டு பீரோவில் மட்டும் வைக்காதீர்கள்.